தானேக்குப் பின் வாங்கிய ரம்பங்கள்: பண்ருட்டித் தோப்பில் பதின்மூன்று ஆண்டுகள்

2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வைத்திருந்த பலரைப் போல நானும் ஒரே காலைப்பொழுதில் தோப்பில் பெரும்பகுதியை இழந்தேன். மரம் அறுப்பவர்களுக்கு அன்று இருந்த கிராக்கியில், ஆள் வந்து சேர ஒரு மாதமாகும் என்றார்கள். பொறுமையில்லாமல் கடைக்குப் போய், பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தின் 58 சிசி சங்கிலி ரம்பத்தை வாங்கி வந்தேன். எங்கள் ஊரில் இதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'மிஷின்' என்றாலே போதும், புரிந்துவிடும். அன்று முதல் இதுவரை மூன்று மிஷின்கள், ஒரு வேலி கத்தரிக்கும் கருவி, பலகை அறுக்கும் சட்டம் ஒன்று எனப் பலவும் என் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் எது உழைத்தது, எது சும்மா கிடந்தது என்பதைப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மிஷினைப் பற்றிய என் புகாரில் பாதி, உண்மையில் என் மீதே சொல்ல வேண்டிய புகார். பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு, 22 அங்குலம் இருந்ததால் எந்த மரத்தையும் அறுத்துவிடலாம் என்று நம்பினேன். மூன்றாம் நாள் முதல் அது மரத்துக்குள் இறங்க மறுத்தது. நான் என் உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். புகை வந்தது, பார் சூடேறி நிறம் மாறியது. இளம் வயதில் பெரிய ரம்பத்தை இருவராகப் பிடித்து மரம் அறுத்த முதியவர் ஒருவர் அந்த வழியாக வந்தார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மரம் அறுக்குறீங்களா, மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். என் செருப்பின் மேல் கிடந்தது கோதுமை மாவு போன்ற தூள். கூர்மையான சங்கிலி சில்லு சில்லாகத் தள்ளும் என்பதும், தூள் வந்தால் அரத்தை எடுக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

அரம் எடுத்த பிறகும் ஓராண்டு தவறாகவே தீட்டினேன். கடையில் கொடுத்த அரம் 4 மி.மீ. விட்டமுள்ளது, அந்தச் சங்கிலிக்கு வேண்டியதோ 4.8 மி.மீ. சிறிய அரத்தால் தீட்டினால் பல்லின் முனை கொக்கிபோல் வளைந்து மெலிந்துவிடும். ஐந்து நிமிடம் அபாரமாக அறுக்கும், பிறகு அந்த மெல்லிய விளிம்பு மடங்கிப் பழைய கதைதான். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளியைப் பொறுத்துத்தான் அரத்தின் அளவு அமையும் என்பதால், மிஷின் வாங்கும்போதே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இன்று என்னிடம் உள்ள 30 சிசி சிறு மிஷினுக்கு 4 மி.மீ., பெரிய 72 சிசி மிஷினுக்கு 5.2 மி.மீ. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லின் உச்சிக்கும் மேட்டுக்கும் ஏறத்தாழ 0.65 மி.மீ. வித்தியாசம் இருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டித் தீட்டி மேட்டை மறந்துவிட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் சங்கிலி மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். இடப்பக்கப் பற்களைவிட வலப்பக்கப் பற்கள் தேய்ந்திருந்தால் அறுப்பு ஒரு பக்கமாக வளையும். எனக்கு இது வெகு நாள் நடந்தது. இடக்கைப் பக்கம் தீட்ட உடம்பு வணங்காததே காரணம்.

2014-இல் வாங்கிய 30 சிசி மிஷின்தான் என் தோப்பில் பத்தில் எட்டு வேலையைச் செய்கிறது. எடை நான்கு கிலோ அளவில்தான், பார் 14 அங்குலம். முந்திரி அறுவடை முடிந்த பிறகு காய்ந்த கிளைகளையும் தரையில் உரசும் கிளைகளையும் கழிக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மணிக்கட்டை விட மெல்லிய கிளைக்கு அதையும் எடுப்பதில்லை. இழுக்கும்போது அறுக்கும் வகைக் கைரம்பம் ஒன்றும், நீண்ட மூங்கிலில் கட்டிய துறட்டியும் போதும். கனமான கிளையை முதலில் அடிப்புறத்தில் சற்று அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையை முழங்கை நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும், அந்தக் காயம் தண்டுத் துளைப்பான் பூச்சிக்குத் திறந்து வைத்த கதவு. வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

புயலில் சாய்ந்த மரத்தை அறுப்பதும் நிற்கிற மரத்தை அறுப்பதும் வேறு வேறு தொழில் என்றே சொல்வேன். சாய்ந்த மரம் முழுக்க முறுக்கேறிக் கிடக்கிறது. இரண்டு முனையும் தாங்கலில் இருந்தால் மேற்பக்கம் நெருக்கப்பட்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இது அப்படியே தலைகீழ். தவறான பக்கத்தில் தொடங்கினால் பார் கடிபட்டு மாட்டிக்கொள்ளும். அது நல்ல காலம். கெட்ட காலத்தையும் ஒரு முறை பார்த்தேன். வேரோடு சாய்ந்திருந்த ஒரு பலாவின் அடிமரத்தை, வேர்மண்ணிலிருந்து நான்கடி தள்ளி அறுத்து முடித்த நொடியில், ஆளுயரம் செம்மண்ணோடு பிளந்து நின்ற வேர்த்தட்டு அப்படியே பின்னால் சாய்ந்து தன் குழியில் போய் உட்கார்ந்தது. அடிக்கட்டை நிமிர்ந்து நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் குழியில் இறங்கித் தண்ணீர்க் குழாயைத் தேடிக்கொண்டிருந்தார் என் தம்பி. அதற்குப் பிறகு வேர்த்தட்டைக் கயிற்றால் கட்டி நிறுத்தாமல் நாங்கள் எந்த மரத்தையும் தொடுவதில்லை. குழிக்குள் யாரும் இறங்குவதும் இல்லை.

பாரின் நுனியின் மேல்பாதி எதிலும் படக்கூடாது என்பது இன்னொன்று. அது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காலுக்கான பாதுகாப்பு உடையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், சித்திரை வெயிலில் அதை உச்சி நேரத்தில் அணிந்து நிற்க முடியாது. அதனால் நாங்கள் உடையைக் கழற்றவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு மிஷினை வைத்துவிடுவோம்.

எரிபொருளில் எனக்குச் செலவு வைத்தது பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால். இரு வீச்சு எஞ்சினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மி.லி. எண்ணெய், அதாவது 50-க்கு 1 என்ற கலவை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. பல மிஷின் கையேடுகள் 10 விழுக்காடு வரை மட்டுமே அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலூர் மாவட்டத்தின் கார்த்திகை மாதக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கலவையை டேங்கிலேயே விட்டு இரண்டு மாதம் வைத்திருந்ததில் கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துப்போனது. இப்போது ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்கிறேன். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். சங்கிலிக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. நானும் ஊற்றியிருக்கிறேன், அதிலுள்ள கசடு எண்ணெய்த் துளையை அடைத்துவிட்டது. பலா அறுக்கும் நாளில் அதன் பாலும் சேர்ந்து பாரின் காடியில், அதாவது சங்கிலி ஓடும் பள்ளத்தில், கோந்துபோல் இறுகும். பலாப்பழம் அரியும்போது கையில் எண்ணெய் தடவுவதுபோல, பாரைக் கழற்றிக் காடியைச் சுரண்டி எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்பும் ஒரே சீராகத் தேயும்.

வேலி கத்தரிக்கும் மின்கல மிஷினை 2021-இல் வாங்கினேன். வீட்டு முன் மருதாணி வரிசைக்கு அது அருமை. அரை மணியில் வேலை முடியும். தோப்பைச் சுற்றியுள்ள கிளுவை வேலிக்கு அது உதவாது. பற்களுக்கு இடையே நுழையாத கனத்தில் கிளுவை இருக்கும். தவிர, கிளுவையைக் கழிக்கும்போது வெட்டிய கழிகளைப் போத்தாக நட்டு இடைவெளிகளை அடைக்க வேண்டும். அதற்கு அரிவாளால் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டிய கழிதான் தேவை. மிஷின் கடித்துத் துப்பிய துண்டு வேர் பிடிக்காமல் அழுகுகிறது. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா, மதில்மேல் படர்ந்த காகிதப்பூவைக் கத்தரிக்க அதை இரவல் வாங்கிப் போனார். முள் கையில் குத்தாமல் தள்ளி நின்று வெட்ட முடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. துடைக்காமல் திண்ணையில் வைத்திருந்ததில் ஒரே வாரத்தில் உப்புக்காற்று பற்களைச் சிவக்க வைத்துவிட்டது. வெட்டி முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைப்பது கடலோரத்தில் கட்டாயம்.

பலகை அறுப்பது பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததைத் தொடர்ந்து வந்த வெள்ளத்தில் எங்கள் தோப்பின் தாழ்வான பகுதியில் நாள்கணக்கில் நீர் நின்றது. பலா, வேரில் தண்ணீர் தேங்குவதைப் பொறுக்காது. தையில் இலை உதிர்ந்து, வைகாசிக்குள் மூன்று மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. விலை கேட்க வந்த மரவாடிக்காரர் ஒரு கயிற்றால் சுற்றளவு எடுத்து, அதை நான்காக மடித்து, மடிப்பின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்கினார். 5 அடி சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள கட்டைக்கு அவர் கணக்கில் 12.5 கன அடி. உருளையாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 15.9 கன அடி. அறுக்கும்போது வீணாகும் மரத்துக்கு ஈடாக வைத்த பழைய கணக்கு இது என்பதால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வித்தியாசம் மனதை உறுத்தியது. நாமே அறுத்தால் என்ன என்று தோன்றியது.

2019-இல் வாங்கிய 72 சிசி மிஷினில் 25 அங்குல பார் மாட்டி, அதன்மேல் பலகை அறுக்கும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினேன். பிடிமானத்துக்குப் போக ஏறத்தாழ 20 அங்குல அகலம்தான் கிடைக்கும். முதல் அறுப்புக்குக் கட்டையின் மேல் ஒரு நேரான அலுமினிய ஏணியைத் திருகாணியால் பொருத்தி அதன்மேல் சட்டத்தை நகர்த்த வேண்டும். அந்த முதல் தளம் எவ்வளவு மட்டமோ அவ்வளவுதான் மற்ற பலகைகளும். சாதாரணச் சங்கிலியின் பல் 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க அதை 10 பாகைக்குக் குறைத்துத் தீட்டினேன். வேகம் குறைந்தாலும் அறுத்த முகம் சீராக வந்தது. இரண்டாம் பலகையில் சட்டென்று சத்தம் மாறியது. வெளிர் மஞ்சள் மரத்தின் நடுவே கைவிரல் அகலத்துக்குக் கருநீலக் கறை, அதன் நடுவில் ஆணி: என் தாத்தா காலத்தில் துணிக்கொடி கட்ட அடித்ததாக இருக்கலாம். பதினான்கு பற்கள் போயின. இப்போது அறுக்கும் முன் கட்டையை உருட்டிப் பட்டையில் கருத்த இடங்களைத் தேடுகிறேன்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது என் உற்சாகம் பாதியாகக் குறைந்தது. சங்கிலி ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 8 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது, மர அறுவை மில்லின் பட்டை ரம்பம் 3 மி.மீ. அளவுதான். 40 செ.மீ. கனத்தில் 25 மி.மீ. பலகை எடுத்தால் எனக்கு 12, மில்லில் 14. இரண்டு பலா பலகையைத் தூளாக்கி, அதற்குப் பெட்ரோலும் முதுகுவலியும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. 4 அங்குல நிலைக்கால் எடுக்கும்போது அறுப்புகள் குறைவு, இழப்பும் பொருட்டல்ல. டிராக்டர் போக முடியாத சேற்றில் கிடக்கும் கட்டையை அங்கேயே பிளக்கவும் சட்டம் கைகொடுக்கும். ஆகவே முதல் கட்டையில் மீதியை நிலைக்கால்களாக நானே பிளந்தேன். இரண்டு முனைகளிலும் பெயிண்ட் அடித்து, இடைக்கட்டை கொடுத்துப் புளியமர நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன். முனைக்குப் பெயிண்ட் அடிக்காத ஒன்று மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்துவிட்டது. மற்ற இரண்டு கட்டைகளும் சேறு காய்ந்ததும் வண்டியேறி மில்லுக்குப் போயின.