பின்வாசல் நீச்சல் குளம்: உடைத்து எடுப்பதா, ஓட்டை போட்டுப் புதைப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் அண்ணன் வாங்கிய வீட்டோடு ஒரு நீச்சல் குளமும் சேர்ந்து வந்தது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. துரை பங்களாக் குளத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்த ஆட்கள், சொந்தக் குளத்தை எப்படித் தொலைப்பது என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அண்ணிக்கு முட்டி வலி. அந்தக் குளத்தில் கடைசியாக இறங்கிக் குளித்தது ஓர் உடும்பு.

முதலில் அளவு. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஒரு முனையில் ஆழம் ஒரு மீட்டர், மறுமுனையில் இரண்டு. சராசரி ஒன்றரை என்று வைத்தால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பி போட்ட காங்கிரீட். அது மட்டுமே 13 கன மீட்டருக்கு மேல் வரும். ஒரு கன மீட்டர் காங்கிரீட் 2.4 டன் எடை என்பதால், மண்ணுக்குள் ஏறக்குறைய 32 டன் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல், வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரரிடம் விலை கேட்கக் கூடாது என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் வந்தவர் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார். நாங்களும் தலையாட்ட இருந்தோம்.

அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விடலாம், கொசு வளர்க்க ஆசை இருந்தால். டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். பராமரிப்பில்லாத குளத்தின் ஓரத்திலும், அதை மூடிய தார்ப்பாயின் மடிப்பிலும் தேங்கும் மழைத்தண்ணீர் அதற்கு மெத்தை மாதிரி. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் வீட்டுக்காரருக்குத்தான் கம்பவுண்ட், அதாவது அபராதம் வரும். பம்பும் குளோரினும் போட்டுத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கலாம்தான், யாரும் இறங்காத குளத்துக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்ட மனம் வந்தால்.

மீன் குளம் என்பது மச்சானின் யோசனை. திலாப்பியா, கெலி மீன், கரையோரம் கங்கோங் கீரை என்று மனத்துக்குள் ஒரு பண்ணையே கட்டிவிட்டார். யோசனை மோசமில்லை, மீன் இருந்தால் கொசுப்புழு மிஞ்சாது. ஆனால் 48,000 லிட்டருக்குக் காற்று ஊதும் கருவியும் வடிகட்டியும் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு மீட்டர் ஆழமும் அப்படியேதான் இருக்கும். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பேரப்பிள்ளைகள் வந்து ஓடும் வீட்டில் அந்த ஆழம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்த வேலையே? மேலே பலகைத் தளம் போட்டு மூடும் யோசனையும் அதே காரணத்தால் அடிபட்டது. கீழே இருட்டில் தண்ணீர் தேங்கும், மேலே பலகையைக் கரையான் அரிக்கும்.

ஆக, மிச்சம் இரண்டு வழி.

முழுதாக உடைத்து எடுப்பது ஒன்று. தரை, சுவர், கம்பி, குழாய் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டு, வெறும் குழியில் மண் போட்டு அடுக்கடுக்காக இடித்து நிரப்புவது. செய்து முடித்தால் அந்த இடம் பழையபடி நிலம். முறையாக இறுக்கி, மண் சோதனையும் செய்துவிட்டால் மேலே அறை கட்டலாம், கார் ஷெட் போடலாம். வீட்டை விற்கும்போது விளக்கம் சொல்லும் வேலையும் இல்லை. ஆனால் 32 டன் வெளியே போக வேண்டும், காங்கிரீட் இருந்த இடத்துக்கும் சேர்த்து மண் உள்ளே வர வேண்டும். இறுகினால் மண் அடங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக வாங்க வேண்டும். ஆறு கன மீட்டர் ஏற்றும் லோரியானால் மண்ணுக்கு மட்டும் பதின்மூன்று நடை, உடைசலுக்கு மூன்று நான்கு நடை. எங்கள் பக்கவாட்டுச் சந்தின் அகலமோ எட்டடி. வேலியைக் கழற்ற வேண்டும். உடைக்கும் இயந்திரத்தின் அதிர்ச்சி பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலாக இறங்கினால் அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்த விலைகளில் இது மற்ற வழியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னொன்று, பாதி உடைத்துப் புதைப்பது. சுவரின் மேல் மூன்றடியை உடைத்துக் குளத்துக்குள்ளேயே தள்ளி, தரையில் பெரிய ஓட்டைகள் போட்டு, அதற்கு மேல் ஜல்லியும் மண்ணும் நிரப்புவது. உடைசல் வெளியே போகாததால் லோரி நடை பத்தோடு நின்றுவிடும். குறை என்னவென்றால், அடியில் காங்கிரீட் இருக்கிற வரைக்கும் அது கட்டடம் தாங்கும் இடம் ஆகாது. ஆழ வேர் விடும் மரமும் வேண்டாம். நாளைக்கு வீட்டை வாங்குகிறவரிடம் மறைக்கவும் கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் பணம் இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளத்தை மூடுவதை எல்லாரும் மண் வேலை என்றுதான் நினைக்கிறார்கள். அது தண்ணீர் வேலை. ஓட்டை போடாமல் புதைத்த குளம் என்பது மண்ணுக்கடியில் ஒரு தொட்டி. பெய்கிற மழையெல்லாம் அதில் இறங்கி நிற்கும். மேலே புல் பச்சையாக இருக்கும், காலை வைத்தால் சதக் என்று இறங்கும். இந்த ஒரு தப்பைச் செய்தவர்களைப் பார்த்துத்தான் பாதி உடைக்கும் முறைக்கே கெட்ட பேர்.

அதனால் ஓட்டை விஷயத்தில் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆழமான பக்கத்தில் ஓரடிக்கு மேல் அகலமாக ஐந்து ஓட்டை போடச் சொன்னார். கம்பியை கிரைண்டரால் அறுத்து, அடி மண் தெரியும் வரை தோண்டினார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தோடு குந்தி உட்கார்ந்தார். நான்கில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஐந்தாவதில் அப்படியே நின்றது. கீழே வெள்ளைக் களிமண். அதை இன்னும் இரண்டடி தோண்டி ஜல்லி போட்ட பிறகுதான் நகர்ந்தது. அந்த இரண்டு வாளித் தண்ணீர் சோதனையைச் செய்யாமல் யாரும் மண் லோரியை உள்ளே விடாதீர்கள்.

தண்ணீரை எப்போது இறைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். குளோரின் போடுவதை நிறுத்தி நல்ல வெயிலில் சில நாள் விட்டால் வீரியம் போகும், அதற்குப் பிறகு சாக்கடைக்கு விடலாம். ஆனால் காலியான குளத்தை மழைக்காலத்தில் சும்மா விடக் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் வெறும் குளம் படகு மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும், தரை வெடிக்கும். எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை பொல்லாதது. நாங்கள் ஜூலையில் இறைத்து அடுத்த நாளே ஓட்டை போட்டோம். பம்பு அறை மின்கம்பியை அதற்கு முன்பே பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு துண்டித்தாகிவிட்டது. மிச்சமிருந்த குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கொட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு.

எதைப் போட்டு நிரப்புவது? இங்கேதான் ஊரார் தாராளம் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவு நடக்கிறது, சாய்த்த செம்பனை (எண்ணெய்ப் பனை) தண்டு இலவசம், ஒரே நாளில் குழி நிரம்பிவிடும் என்றார் ஒருவர். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. தண்டு மக்கும், மக்க மக்க மேல் மண் குழிவிழும். போதாக்குறைக்கு மக்கும் செம்பனைத் தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். நம் வீட்டுத் தென்னையை நாமே பலி கொடுத்த மாதிரி ஆகும். கட்டை, வேர், குப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. அடியில் உடைத்த காங்கிரீட்டும் ஜல்லியும், அதன் மேல் மண் கீழே கசியாமல் தடுக்கும் வடிகட்டித் துணி, அதற்கு மேல் செம்மண். அரையடிக்கு ஒரு முறை நிறுத்தி இயந்திரத்தால் இடித்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. குத்தகைக்காரர்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். நான்கு லோரி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் பேருக்கு ஓர் உருட்டு உருட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆளும் இரண்டாம் நாள் அதைத்தான் செய்யப் பார்த்தார். அண்ணி நாற்காலியைப் போட்டுக் குளக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலை தொடங்கும் முன் நகராண்மைக் கழகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். உடைசல் எங்கே கொட்டப்படும் என்பதையும் குத்தகைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இரண்டுக்கும் நடுவில். ஆழம் குறைந்த பக்கம் ஒரு மீட்டர்தான் என்பதால் மூன்றடி உடைத்தாலே அங்கே சுவர் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. கொஞ்சம் கூடச் செலவழித்து அந்தப் பக்கத் தரையையும் பெயர்த்து எடுத்துவிட்டோம். ஆழமான பக்கம் மட்டும் ஓட்டை போட்டுப் புதைத்தது. கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் நான் முழுதாக எடுக்கச் சொல்லியிருப்பேன். துணி காயப்போடவும் கறிவேப்பிலை வைக்கவும் 32 டன்னை ஊர் தாண்டி அனுப்புவானேன்?

நவம்பர் மழைக்குப் பிறகு ஆழமான பக்கம் நான்கு விரல்கடை இறங்கியது. அதற்கென்று சுவரோரம் குவித்து வைத்திருந்த மண்ணைப் போட்டுச் சமன் செய்தோம். இப்போது அங்கே மஞ்சளும் வெண்டையும் இருக்கின்றன. புதைத்த இடத்தின் படங்களையும் சுவர் நிற்கும் அளவுகளையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் அண்ணன் வைத்திருக்கிறார். மச்சான் இன்னும் மீனைப் பற்றித்தான் பேசுகிறார். பின்பக்கம் ஒரு பழைய குளியல் தொட்டி கிடக்கிறது, அதில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறோம்.