'அமாங் அதர்ஸ்': நேரே படிப்பதா, தயாராகிப் படிப்பதா?

ஜோ வால்டனின் இந்த 2011 நாவலை நேரே தொடங்கலாமா, அதன் நாயகி மோரி தன் நாட்குறிப்பில் பேசும் அறிவியல் புனைகதைகளை முதலில் படிக்கலாமா?

நேரம்: நேரே என்றால் சில நாள். தயாராகி என்றால் மாதக்கணக்கு. அவள் அவ்வளவு படிப்பவள்.

செலவு: ஒரு புத்தகம், எதிரே ஓர் அலமாரி.

புரிதல்: இரட்டைச் சகோதரியை இழந்து, கால் அடிபட்டு, வேல்ஸிலிருந்து இங்கிலாந்து விடுதிப் பள்ளிக்கு வரும் 15 வயதுப் பெண்ணின் தனிமைக்கு முன்பாடம் வேண்டாம். ஆனால் தனக்கொரு 'கராஸ்' (விதி பிணைத்த மனிதர்களின் கூட்டம்) வேண்டுமென்று அவள் ஏங்கும்போது, அந்தச் சொல் பிறந்த, கர்ட் வானகட்டின் 'கேட்ஸ் க்ரேடில்' நாவலைப் படித்தவருக்கு மனசு கனத்துவிடும். நூலக வாசிப்புக் குழுவில் தன் ஆட்களை அவள் கண்டடைவது, எனக்கு அதில் வரும் மாயத்தைவிடப் பெரிது.

புதியவர்கள் நேரே போகலாம். கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் வானகட்டை மட்டும் முடித்துவிட்டு வாருங்கள்.