ஒரே வாரத்தில் இரண்டு மேடைகள்: பிரசாரக் கூட்டமும் சமயச் சொற்பொழிவும்

சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த 2025 ஏப்ரல் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையன்று, எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள திடலில் இரவு 7 மணிக்கு ஓர் அரசியல் கட்சி நடத்தவிருந்த பிரசாரக் கூட்டத்தைப் பற்றியது. மற்றொன்று, சிராங்கூன் சாலை வட்டாரத்து மண்டபம் ஒன்றில் அதே 7 மணிக்குத் தொடங்கி மூன்று நாள் நடக்கவிருந்த சமயச் சொற்பொழிவின் அழைப்பிதழ். பேசுபவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு துறவி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. எங்களோடு வசிக்கும் 78 வயதுப் பெரியம்மா சாமி பேச்சுக்குப் போக வேண்டும் என்றார். நான் திடலுக்குப் போகலாம் என்றேன்.

“கட்சிக்காரங்க பேச்ச போன்லயே பாத்துக்கலாம், சாமி பேச்ச நேர்லதான் கேக்கணும். நீ என்னடா தலைகீழா சொல்ற?” என்று பெரியம்மா கேட்டார். சொற்பொழிவு மூன்று நாள் நடக்கும், பிரசாரக் கூட்டம் நம் பேட்டையில் ஒரு நாள்தான் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை திடல், சனிக்கிழமை மண்டபம் என்று உடன்பாடு செய்துகொண்டோம்.

கட்சியின் பெயரையோ துறவியின் பெயரையோ மண்டபத்தின் பெயரையோ இங்கே நான் குறிப்பிடவில்லை. யார் உயர்ந்தவர் என்ற வழக்குக்குள் போக எனக்கு விருப்பமில்லை; ஒரு மாலைப்பொழுதையும் இரண்டு முழங்கால்களையும் செலவிட்டு ஒருவர் பேசுவதைக் கேட்கப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே இங்கே பேச்சு. தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல், காது கொடுப்பதையும் வினவுவதையும் உரிமையோடு கோருவதையும் குறிக்கிறது. வள்ளுவர் ‘கேள்வி’ என்று தலைப்பிட்டுப் பத்துக் குறள்களில் சொல்வது செவிவழிக் கல்வியை. இன்றைய பிள்ளையிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வரும். இரண்டு மேடைகளையும் நான் இந்தச் சொல்லின் எல்லாப் பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டே அளந்தேன்.

முதலில் திடல். 2020 தேர்தலில் கொவிட் காரணமாக நேரடிக் கூட்டங்களே நடக்கவில்லை என்பதால், 2015க்குப் பிறகு ஒரு பொதுத்தேர்தலில் சிங்கப்பூரர்கள் வேட்பாளரைத் திறந்தவெளியில் நின்று கேட்டது இந்த முறைதான். புல் ஈரமாக இருந்தது. முதியோருக்கென்று முன்பக்கம் சில வரிசை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரியம்மாவுக்கு ஒன்று கிடைத்தது, நான் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் குறையில்லை. ஆனால் எதிரே நின்ற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் மோதித் திரும்பிய எதிரொலி, வேட்பாளர் சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியையும் இரண்டு முறை சொல்ல வைத்தது. தாழ்வாரங்களில் சட்டை உலர்த்தும் கழிகளுக்கு இடையே தலைகள் தெரிந்தன. உண்மையில் மிகச் சிறந்த இருக்கை அவர்களுடையதுதான்.

ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் தமிழ் ஒலித்த நேரத்தை என் கைப்பேசியில் அளந்து பார்த்தேன்: ஏழு நிமிடம் சொச்சம். பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும், 1988இல் அறிமுகமான குழுத்தொகுதி முறையில் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால், மேடையில் தமிழ் பேசக்கூடியவர் ஒருவர் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். எவ்வளவு பேசுவார் என்பது வேறு விஷயம். அன்று பேசியவர் ஓர் இளைஞர். தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். பக்கத்தைப் புரட்டும்போது அவர் விரல் நடுங்கியது பெரிய திரையில் தெரிந்தது. ‘வாழ்க்கைச் செலவு’ அவர் வாயில் ‘வால்க்கைச் செலவு’ ஆயிற்று. எனக்குப் பின்னால் இருந்த சில பையன்கள் சிரித்தார்கள். பெரியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அந்த இளைஞர் தாளைக் கீழே வைத்துவிட்டு, தம் பாட்டி மருந்துக்குச் செலவிடும் பணத்தைப் பற்றிச் சொந்த வார்த்தைகளில் நான்கு வாக்கியம் பேசியபோது, அதுவரை குடைக்கம்பியைப் பிசைந்துகொண்டிருந்த பெரியம்மாவின் கை அசையாமல் இருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் உருப்படியானது அந்த அரை நிமிடம்.

மீதி நேரம் ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று ஓடியது. நான் பெரியம்மாவின் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இது புதிதல்ல. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; 1943 ஜூலையில் பாடாங் திடலில் நேதாஜி பேசியதை நேரில் நின்று கேட்டவர். நேதாஜி பேசியது ஹிந்துஸ்தானியில். தமக்குப் புரிந்ததெல்லாம் தமிழில் மாற்றிச் சொன்னவர் வாயிலிருந்து வந்ததுதான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பேசியவரின் மூக்குக்கண்ணாடி நினைவிருந்தது, மாற்றிச் சொன்னவரின் முகம் நினைவில்லை என்பாராம். இங்கே தமிழர்கள் அரசியல் பேச்சைப் பெரும்பாலும் இப்படி இரண்டாம் கையாகத்தான் கேட்டு வந்திருக்கிறோம். பிரதமரின் தேசிய தினக் கூட்ட உரைகூட மலாய், மாண்டரின், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அமைய, தமிழ் நமக்கு வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியில் மொழிபெயர்ப்பாக வருகிறது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேச உரிமை உண்டு. அந்த உரிமை எப்போதாவதுதான் வெளியே எட்டிப்பார்க்கிறது.

மறுநாள் மண்டபத்தில் இந்தக் குறை அடியோடு இல்லை. இரண்டு மணி நேரமும் தமிழ். அதுவும் வாயில் வைத்தால் கரையும் தமிழ். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் தொடங்குவதற்கு முன் நாங்கள் நாற்பது நிமிடம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, புரவலர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கே திருப்பிப் பொன்னாடை என்று நேரம் போயிற்று. ‘நேரத்தின் அருமை கருதி’ என்று தொடங்கிய ஒருவர் 11 நிமிடம் பேசினார். குளிர்சாதனம் கடுங்குளிர்; சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி முதிய பெண்கள் நடுங்கிக்கொண்டிருக்க, வேட்டி கட்டிய ஏற்பாட்டாளர்களுக்கு மேடை விளக்கின் சூட்டில் வியர்த்தது. இரண்டு முறை மைக் கீச்சிட்டது. இவை திருத்திக்கொள்ளக்கூடியவை, ஆண்டுதோறும் திருத்தப்படாமல் இருப்பவை.

அன்றைய பொருள் அப்பர் வரலாறு. நாவுக்கரசர் என்று போற்றப்படும் அந்தப் பெரியவர் உழவாரப் படையைத் தோளில் சாத்திக்கொண்டு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய காட்சியைத் துறவி விவரித்தபோது, தம் கையிலிருந்த சால்வையை மடித்து உழவாரமாக்கி மேடையின் தரையைச் செதுக்கிக் காட்டினார். அது நடிப்புப்போல் இல்லை. எங்கோ உண்மையில் மண்ணைச் செதுக்கிப் பழகிய முழங்கை என்றே எனக்குத் தோன்றியது. பிறகு பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வருகிறார்கள், அப்பர் வர மறுக்கிறார். நாங்கள் யாருக்கும் குடிமக்கள் அல்லர் என்ற பொருளில் அவர் பாடிய பதிகத்தைத் துறவி மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். பிரசார வாரம், முந்தைய இரவு திடலில் பார்த்த முகங்கள் சில அந்த மண்டபத்திலும் இருந்தன. ஒரு நொடி யாரும் இருமக்கூட இல்லை. துறவி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, கல்லில் கட்டிக் கடலில் இட்ட கதைக்குப் போய்விட்டார்.

அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1990இல் நிறைவேறி 1992இல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயத்தின் பெயரால் அரசியல் நோக்கத்தை முன்னெடுக்கும் சமயத் தலைவருக்குத் தடை உத்தரவு பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து சமயம் பேசுவோர் மனிதவள அமைச்சிடம் தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதன் காலம் 60 நாளுக்கு மேற்படாது. தேர்தல் மேடையிலோ வெளிநாட்டவர் ஏறவே முடியாது. பேச்சாளர் முனையம் என்று 2000இல் ஹொங் லிம் பூங்காவில் திறந்துவிட்ட இடத்திலும் சமயத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆக, இந்த ஊரில் அரசியல் பேச்சும் அருட்பேச்சும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனிப் பாத்திரத்தில் பரிமாறப்படுகின்றன. தமிழ்நாட்டு மேடைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். அங்கே அரசியல்வாதி உபன்யாசகரைப் போல் கதை சொல்வார், உபன்யாசகர் இடையிடையே ஆட்சியைக் குத்திக் கைதட்டல் வாங்குவார். எனக்கு இங்குள்ள ஏற்பாடே பிடித்திருக்கிறது. கதையை அப்பரோடு நிறுத்தியதால், மீதியை நானே யோசிக்க வேண்டியிருந்தது. யாருக்கு வாக்களிப்பது என்று என் சார்பில் சிவபெருமான் முடிவெடுக்கவில்லை.

இனி, ‘கேட்பது’ என்பதன் மற்ற இரண்டு பொருள். திடலில் வினவ வழியே இல்லை. கூட்டம் முடிந்ததும் வேட்பாளர்கள் மேடையிலிருந்து இறங்கிக் கைகுலுக்கினார்கள். படம் எடுத்துக்கொள்வோரின் நெரிசலில் என் கேள்வி என் வாயிலேயே நின்றது. மண்டபத்தில் கேள்வி நேரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள், நானும் தந்தேன். அன்பளிப்பு அறிவிப்புகள் நீண்டுவிட்டதால் ஒரே ஒரு சீட்டு மட்டும் எடுக்கப்பட்டது; அது மகளுக்கு வரன் அமையாதது பற்றியது. அந்தத் தாய்க்குத் துறவி கனிவாகவே பதில் சொன்னார். பெருமாள் கடவுளா, சிவன் கடவுளா என்ற வகையில் எழுந்த என் சந்தேகம் எந்தக் குப்பைக்கூடைக்குப் போனதோ தெரியாது.

ஆனால் தேர்தலில் வென்றவரை வாரம் ஒரு மாலை, ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பிடித்துவிடலாம். எண் சீட்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தால் போதும். திடலில் ஏழு நிமிடம் மட்டுமே தமிழில் பேசியவர்கள், அங்கே பெரியம்மாவின் குறையைத் தமிழ் தெரிந்த தொண்டர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டாவது முழுமையாகக் கேட்டாக வேண்டும். துறவியோ திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டும் ஒரே நாளில் மோதினால் திடலுக்குப் போகச் சொல்வேன். சொற்பொழிவு தைப்பூசத்துக்கும் வரும், நவராத்திரிக்கும் வரும். நம் வாக்கு தேவைப்படுகிற ஒருவர் நம் வீட்டுக்கு எதிரே நின்று பேசுவது ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் ஒன்பது நாளில்தான். தமிழின் சுவைக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் யோசிக்காமல் மண்டபத்துக்கே போகலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திடலுக்கு மடக்கு நாற்காலியோ நெகிழிப் பாயோ குடையோ இல்லாமல் போகாதீர்கள். கூட்டம் 10 மணிக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்தை நோக்கி நகர்வார்கள், பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரு தே தாரே குடித்துவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம். மண்டபத்துக்கு 7 மணி என்று போட்டிருந்தால் 7.40க்குப் போனால் நட்டமில்லை, சால்வை அவசியம். வெண்பொங்கலும் சுண்டலும் தொன்னையில் தந்தார்கள், பொங்கலில் மிளகு தாராளம், நெய் இன்னும் தாராளம். காலணிகளை மட்டும் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்னுடைய செருப்பு, புதிதாக வாங்கியது, திரும்பி வந்தபோது அடுக்கில் இல்லை. ஃபேரர் பார்க் ரயில் நிலையம்வரை என் காலைவிட இரண்டு அளவு சிறிய, யாரோ விட்டுச்சென்ற ரப்பர் செருப்பில் நடந்தேன். பெரியம்மா வழியெல்லாம் சிரித்தார்.

மே 3ஆம் தேதி வாக்களிப்பு முடிந்தது. அடுத்த சில வாரங்களில் ஒரு மாலை பெரியம்மா எண் சீட்டு வாங்கி உட்கார்ந்து, எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரை போட்ட நடைபாதை வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். ஆங்கிலத்தில் ஒரு பதில் கடிதம் வந்தது. ‘பரிசீலிக்கப்படும்’ என்பதைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டார். நடைபாதை இன்னும் வரவில்லை. கடிதத்தைச் சொற்பொழிவில் தந்த அப்பர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். வரும் வாரம் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போகப் போவதாகச் சொல்கிறார்.