பால் ஒத்துக்காதா? வேலூர்க்காரருக்கு எது சரிப்படும்

எனக்குப் பால் சுத்தமாக ஒத்துக்காது. அரை டம்ளர் டீ உள்ளே போனாலே வயிறு உப்பிக் கடமுடவென்று உருள ஆரம்பித்துவிடும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் குறைந்துபோனால் இப்படித்தான். செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. 200 மில்லி பசும்பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பலருக்கு அந்த அளவு தாங்கும், எனக்குத் தாங்காது. “சின்ன வயசுல குடிச்சியே?” என்று வீட்டில் கேட்பார்கள். நிறையப் பேருக்கு வயது ஏற ஏற இந்த நொதி குறையும். அதனால் அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

காபிக்கு என்று பார்த்தால் லாக்டோஸ் இல்லாத பாலுக்குத்தான் என் ஓட்டு. அமுல் அட்டைப்பெட்டியில் வருவது நிஜப் பால்தான். நொதியை முன்கூட்டியே சேர்த்து லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் இனிக்கும், சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், உறை ஊற்றினால் தயிராகவும் தோயும். சாதாரண பாக்கெட் பாலைவிட விலைதான் கூடுதல். பெட்டியைத் திறந்துவிட்டால் ஃபிரிட்ஜ் வேண்டும். காட்பாடி பக்கம் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு அதுதான் சிக்கல். பால் அலர்ஜி உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது, பால் புரதம் அதில் முழுசாக இருக்கிறது.

சோயா பாலில் புரதம் உண்டு. கால்சியம் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். சூடான டிகாஷனில் ஊற்றினால் சில சமயம் திரிந்துவிடும், பச்சை வாடையும் எனக்குப் பிடிக்கவில்லை. பாதாமில் எடுக்கும் பால் பெரும்பாலும் தண்ணீர்தான். நம்ம ஊர்க் கடையில் பாதாம் பால் கேட்டால் பசும்பாலில் பாதாம் கலந்து தருவார்கள், ஜாக்கிரதை.

லாக்டேஸ் மாத்திரை வேறு வகை. இதை முதல் வாய் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிறு கெட்ட பிறகு போட்டுப் பயனில்லை. பந்தி நீண்டு முக்கால் மணி நேரம் ஆனால் இன்னொன்று தேவைப்படலாம். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும். தினமும் காபிக்கு இதைப் போடுவது எனக்கு வீண்செலவாகத்தான் தெரிகிறது. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவுக்கு என்றால் சரி. அது கோவா என்ற சுண்டிய பாலில் செய்வது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது லாக்டோஸும் சேர்ந்து செறிவாகிவிடும்.

ஆம்பூர் பிரியாணிக்கு மாத்திரை தேவையில்லை என்பது என் அனுபவம். மசாலாவில் தயிர் சேர்த்தாலும் ஒரு தட்டுக்கு வருவது கொஞ்சம்தான். தயிர்ப் பச்சடியை ஒதுக்கிவிட்டுக் கத்திரிக்காயை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். நெய்யில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான். தயிரிலும் மோரிலும் பாலைவிடக் குறைவு, லேசான தொல்லை உள்ளவர்களுக்கு அதுவே போதும். என்னைப் போன்றவர்கள் ஒரு கரண்டியில் தொடங்கிப் பார்க்கலாம்.

கடைசியாகக் கேழ்வரகுக் கூழ். பாலை அடியோடு விட்டுவிட நினைப்பவர்கள் கால்சியத்துக்கு இங்கேதான் வர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதே அளவு பசும்பாலில் சுமார் 120. ஆனால் கேழ்வரகில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாது. மாவைப் புளிக்க வைத்தால் ஃபைடேட் குறையும், நம் பாட்டிமார் கூழை அப்படித்தான் காய்ச்சினார்கள். கடையில் மோர் கரைத்தே வைத்திருப்பார்கள், ஊற்றும் முன்பே கேட்டுவிடுங்கள். தொட்டுக்க நெத்திலிக் கருவாடு இருந்தால் முள்ளோடு மென்று சாப்பிடுங்கள், கால்சியம் அதிலும் உண்டு.