‘நேவிக் குடும்பம் விட்டுப்போன டிங்கி லொறி’ என்று யாராவது சொன்னால் கவனம்

டிங்கி, கோர்கி, மேட்ச்பொக்ஸ் என்ற பழைய உலோக விளையாட்டு லொறிகள் சேர்க்கிறவர்கள், முக்கியமாகத் திருகோணமலைப் பக்கம் இருக்கிறவர்கள், தயவுசெய்து இதை வாசியுங்கள். பிரிட்டிஷ் நேவிக் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன சாமான் என்று சொல்லி ஒருவர் வட்ஸ்அப்பில் லொறிகள் விற்கிறார். நான் 75,000 ரூபா கொடுத்து ஒன்று வாங்கினேன். கைக்கு வந்தது, வேறொரு லொறியை மாற்றிப் பெயின்ட் அடித்து, புதிதாக அச்சடித்த பெட்டியில் போட்ட சாமான். காசு திரும்பி வரவில்லை.

அவர் விற்றதாகச் சொன்னது ஃபோடன் 905, ஃபோடன் என்ற பிரிட்டிஷ் லொறியைப் பார்த்துச் செய்த டிங்கி. சேர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பனி 1947இல் டிங்கி சுப்பர்டோய்ஸ் என்று பெரிய லொறிகளை இறக்கியது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம், எட்டுச் சில்லு. அந்த வரிசையில் தட்டையான பின்பக்கமும், ஓரத்தில் சின்னக் கம்பங்களும், கம்பங்களுக்கிடையே உண்மையான சங்கிலியும் வைத்து வந்ததுதான் இது. முதலில் 505 என்ற எண், 1950களின் நடுவில் 905 ஆனது. சங்கிலி இல்லாத அதே லொறி 902. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. ஏமாற்று நுழைகிற இடமே அந்த வித்தியாசம்தான்.

ஆள் நன்றாகக் கதைத்தார். “அண்ணை, இது உங்கட ஊர்ச் சாமான். ஓர்ஸ் ஹில்லில இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் 57இல போகேக்க வேலைக்காரப் பெடியனுக்குக் குடுத்தது. அவங்கட வீட்டில இருந்துதான் எடுத்தனான்.” பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது உண்மை. அதிகாரிகளின் குடும்பங்கள் பிள்ளைகளோடு இங்கே இருந்ததும் உண்மை. அதனால் எங்கள் ஊரில் இந்தக் கதையை யாரும் சட்டென்று மறுக்க மாட்டார்கள். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

படம் கேட்டேன். முன்பக்கம் சரிவாக எடுத்தது, மேலிருந்து எடுத்தது, பெட்டியோடு எடுத்தது என்று அனுப்பினார். அடிப்பக்கம் கேட்டேன், அதுவும் வந்தது. அடித்தகட்டின் எழுத்து கூர்மையாக இருந்தது, சில்லுகளைக் கோர்க்கிற அச்சுக் கம்பிகளின் நுனிகளில் பழைய துரு, பின்சில்லுப் பக்கம் ஒரு நீளக் கீறல். அசல் சாமான் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. காசு போட்டேன், கூரியரில் பார்சல் வந்தது.

மூடியைத் திறந்ததுமே தின்னர் வாசம். அறுபது வருடத்துக்கு மேற்பட்ட லொறியில் அந்த வாசம் இருக்காது. டிங்கிக்காரர் பெயின்ட் அடித்துச் சூளையில் சுட்டுத்தான் இறுக்குவார்கள். அந்தப் பூச்சு மெல்லியது, கபினின் கம்பிவரிகளும் கதவின் கோடும் அதனூடாகத் தெளிவாகத் தெரியும். இதில் அந்தக் கோடுகளெல்லாம் மெரூன் பெயின்டில் அமுங்கிக் கிடந்தன. திருப்பிப் பார்த்தால் அந்த நீளக் கீறல் இல்லை. எழுத்துகளின் குழிகளுக்குள் பெயின்ட் நிறைந்திருந்தது. அடிப்பக்கம் என்று அவர் அனுப்பியது வேறு லொறியின் படம்.

அச்சு நுனிகளும் மெரூன். தொழிற்சாலையில் உடலுக்குப் பெயின்ட் அடித்த பிறகுதான் அச்சைக் கோர்த்துச் சில்லுப் பூட்டி நுனியைத் தட்டுவார்கள். உடலின் நிறம் அச்சு நுனியில் ஏறியிருந்தால் பிறகு யாரோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூசப்படாமல் தப்பியிருந்த உள்பக்க அச்சுக் கம்பி புதுச் சில்வர் மாதிரி மின்னியது. எங்கள் ஊர்க் கடற்காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது? ஜன்னல் கொக்கி, சைக்கிள் செயின், மின்விசிறியின் வலை, எல்லாம் இரண்டு மாரிக்குள் பழுப்பேறிவிடும். 57இலிருந்து திருகோணமலை வீடொன்றில் கிடந்த இரும்பு அச்சில் ஒரு புள்ளி துருவும் இல்லை என்றால், அந்த லொறி இங்கே கிடக்கவில்லை.

பிறகு கம்பங்கள். மக்ரோ லென்ஸ் போட்டு, காலை வெயில் ஜன்னலால் பக்கவாட்டில் விழும் நேரம் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்தின் காலடியிலும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒரு வளையம். சுப்பர் குளூ காயும்போது விடுகிற தடம் அது. துளையின் ஓரத்தில் துளைப்பானின் பிசிறு. சங்கிலி புதிது, ஒரு கண்ணிகூட மங்கவில்லை. சாதாரணமாக ஃபோனைக் கிட்டப் பிடித்து எடுத்த படத்தில் இதில் எதுவும் தெரியவில்லை. பக்க வெளிச்சம்தான் காட்டிக்கொடுத்தது. அவர் அனுப்பிய படங்கள் எல்லாம் மேலிருந்து ட்யூப் லைட் நேராக விழ எடுத்தவை. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீல வெள்ளைக் கோடு போட்ட மூடி, பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. நகைக்கடையில் நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கின் கீழ் பிடித்தோம், அட்டை முழுக்கப் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. வெண்மையூட்டி கலந்த இந்தக் காலத்து அட்டை. மறுபதிப்புப் பெட்டி செய்து விற்பதில் பிழையே இல்லை, மறுபதிப்பு என்று சொல்லி விற்றால்.

ஒரு கம்பம் தானாகவே கழன்று வந்தது. அந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து அடியில் பச்சை தெரிந்தது. கபினின் உள்விளிம்பில் ஊசியால் மெல்லச் சுரண்டினேன், செம்மஞ்சள். செம்மஞ்சள் கபின், பச்சைத் தட்டு: அது 902. காசு போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை விளையாடி, அங்கங்கே தட்டுப்பட்டு, தன் சொந்த நிறத்தோடு இத்தனை வருடம் தப்பி வந்த ஒரு நல்ல 902. அதைச் சுரண்டி, துளை போட்டு, பசை ஊற்றிக் கெடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டுவிட்டது, இனி ஒன்று வரப்போவதில்லை. பெயின்ட் பெயர்ந்த லொறியைத் தாழ்வான கோணத்தில், கொஞ்சம் தள்ளி நின்று சூம் பண்ணிப் படம் எடுத்துப் பாருங்கள், மூதூர் வீதியில் நெல் மூட்டை ஏற்றிப் போகிற லொறி போலவே உயிரோடு நிற்கும். எனக்கு அந்தத் தட்டுப்பட்ட 902ஐயே அவர் நேர்மையாக விற்றிருக்கலாம். நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

படங்களை அனுப்பிக் கேட்டேன். முதலில் “நானும் இப்பிடித்தான் வாங்கினனான் அண்ணை” என்றார். அடிப்பக்கப் படம் வேறு லொறியுடையது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பதில் நின்றது, என் எண்ணையும் தடுத்துவிட்டார். பணம் போட்ட சிட்டை, உரையாடல், படங்கள் எல்லாவற்றோடும் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன்.

இது நடந்த பிறகு நிலாவெளியில் இருக்கிற நண்பர் ஒருவருக்கு அதே ஆளிடமிருந்து புதுச் சாமான் வந்திருக்கிறது. லெய்லண்ட் ஒக்டோபஸ், சங்கிலி வைத்தது, எண் 935. கதை மட்டும் மாறவில்லை: அதே ஓர்ஸ் ஹில், அதே வெள்ளைக்காரக் குடும்பம், அதே 57. ஒக்டோபஸ் 935 சந்தைக்கு வந்ததே 1964இல். நேவி போய் ஏழு வருடம் கழித்து வந்த லொறியை அந்தக் குடும்பம் எப்படி விட்டுப்போயிருக்கும்? நண்பர் கேட்டதும் அவர் அந்தச் செய்தியையே அழித்துவிட்டார். ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது.

அடிப்பக்கப் படம் கேட்டால் போதும் என்று இனி யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் ஒரு துண்டில் எழுதி லொறிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே வீடியோவில், நிறுத்தாமல், மேலிருந்து அடிவரை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்து அச்சு நுனி, கம்பத்தின் கால், சங்கிலி மூன்றையும் கிட்டக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆளுக்கு இது ஐந்து நிமிட வேலை. “நெட் சரியில்லை”, “லொறி தங்கச்சி வீட்ட இருக்கு” என்று இழுத்தால் காசு போடாதீர்கள். முடிந்தால் நேரில் பார்த்துக் காசைக் கையில் கொடுங்கள். அப்புறம், வருடத்தைச் சொல்லிக் கதை விட்டால் அந்த எண் எந்த வருடம் வந்தது என்று டிங்கிப் பட்டியலில் பாருங்கள்.

அந்த 935 இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. யாருக்காவது அதன் படமோ அந்த நேவிக் கதையோ வந்தால், பேரம் பேசாமல், அவர் செய்தியை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.