கிரிப் அறிக்கை: ஐந்து முறை எடுத்துப் பார்த்தபின்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தொடர்மாடி வீட்டையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று 2023இன் பிற்பகுதியில் முடிவெடுத்து, சம்பளம் வைப்பிலிடப்படும் வங்கியிலேயே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் கடன் பிரிவிலிருந்த தம்பி என்னைத் தனியே அழைத்து, “அண்ணா, உங்கட பேரில எடுத்த கடன் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா நீங்கள் பிணை நிண்ட லீசிங் ஒண்டு நிலுவையில காட்டுது” என்றார். பெரியம்மாவின் மகன் 2018இல் லீசிங்கில், அதாவது தவணைமுறைக் குத்தகையில், ஓட்டோ எடுத்தபோது நான் வைத்த கையெழுத்து அது. அந்த லீசிங்கை அவன் கட்டி முடித்து, வாகனப் பதிவுப் புத்தகத்தையும் தன் பெயருக்கு மாற்றி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அன்றுதான் என்னைப் பற்றி வங்கிகள் பார்க்கும் தாள் எப்படி இருக்கும் என்பதை நானே ஒரு முறை பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

அந்தத் தாளைத் தரும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை நாம் எல்லோரும் ‘கிரிப்’ (CRIB) என்றே சொல்கிறோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இப்பணியகம் தெற்காசியாவின் முதலாவது கடன் தகவல் பணியகமாகும். மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். கொழும்புக் கோட்டையில் சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையில் உள்ள வைட்அவேஸ் கட்டிடத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. முதல் அறிக்கைக்காக வெள்ளவத்தையில் ரயிலேறி அங்கு நேரில் சென்றேன். பின்னைய நான்கையும் இணையம் வழியாகவே பெற்றேன்: பதிவு செய்து, அடையாளத்தை உறுதிப்படுத்தி, கட்டணத்தைச் செலுத்தினால் போதும். நேரில் போவதா, வீட்டிலிருந்து எடுப்பதா என்று கேட்பவர்களுக்கு, இணையமே போதுமானது என்பேன்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் மூன்று இலக்க மதிப்பெண்ணிலேயே போய் நிற்கும். என் கண்ணும் அப்படித்தான் போனது. ஆனால் அந்த எண் எதனால் ஆனது என்பது மற்றப் பக்கங்களில்தான் இருக்கிறது. கடன் பெற்றவராக நீங்கள் வைத்திருக்கும் கணக்குகள் ஓரிடத்திலும், பிணையாளியாக நீங்கள் கட்டுப்பட்டிருக்கும் கணக்குகள் வேறோரிடத்திலும் வருகின்றன. ஒவ்வொரு கணக்குக்கும் அனுமதிக்கப்பட்ட தொகை, எஞ்சியுள்ள தொகை, மாதாமாதம் தவணை எத்தனை நாள் பிந்திக் கட்டப்பட்டது என்ற விவரம் ஆகியன கட்டம் கட்டமாக நிற்கும். பணமில்லாமல் திரும்பிய காசோலைகளும், உங்களைப் பற்றி எந்தெந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்ற பட்டியலும் உண்டு.

என் அறிக்கையில் பிணையாளிப் பகுதியில்தான் சிக்கல் இருந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் முச்சக்கர வண்டி லீசிங்குகளுக்கு ஆறு மாதக் கடன் சலுகைக் காலம் வழங்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆறு தவணைகளையும் நிறுவனம் தனிக் கணக்காகப் பிரித்து வைத்திருந்தது. கடைசியில் பெரியம்மாவின் மகன் மொத்தமாகக் கட்டி முடித்தபோது பிரதான கணக்கு மூடப்பட்டது. பிரித்து வைத்த கணக்கு மூடப்படவில்லை. ஒரு சதமும் பாக்கி இல்லாத அந்தக் கணக்கு, என் பெயருக்குக் கீழே மாதத்துக்கு மாதம் நாள் கணக்கைக் கூட்டிக்கொண்டே போயிருந்தது. சேமிப்பில்லாத ஒருவனுக்கு உதவியாக வைத்த கையெழுத்து, அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பின்னும் இருவரையும் குற்றவாளிகளாகக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க மனம் கனத்தது.

இந்தச் சேவையைப் பயன்படுத்துவோர் தெளிவாக அறிந்திருக்கவேண்டிய வரம்பு ஒன்று உண்டு. பணியகம் தானாக எதையும் எழுதுவதில்லை. உறுப்பு நிறுவனங்கள் அனுப்பும் தரவுகளைத்தான் தொகுத்துத் தருகிறது. ஆகவே பிழையைத் திருத்தும் பொறுப்பு அதை அனுப்பிய நிறுவனத்துடையது. பணியகத்தில் முறைப்பாட்டைப் பதியலாம், அது உரிய நிறுவனத்துக்கு அனுப்பப்படும். ஆயினும் கடன் தீர்த்த கடிதம், இறுதிக் கொடுப்பனவின் பற்றுச்சீட்டு, அறிக்கையில் பிழையான வரி உள்ள பக்கம் ஆகியவற்றின் பிரதிகளுடன் லீசிங் எடுத்த கிளைக்கே எழுத்தில் கொடுத்து, கையேற்றதற்கு முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்வதுதான் என் அனுபவத்தில் வேலையை நகர்த்தியது. நிதி நிறுவனத்தின் கிளையில் முதலில் “தலைமை அலுவலகம் பார்க்கும்” என்றார்கள். கடிதத்தில் முத்திரை விழுந்தபின் எட்டு வாரத்தில் அந்தக் கணக்கு மூடப்பட்டது. பெரியம்மாவின் மகன் அந்தப் பற்றுச்சீட்டை ஓட்டோவின் காப்புறுதிப் பத்திரத்தோடு மடித்து வைத்திருந்திராவிட்டால் இது எத்தனை மாதம் இழுத்திருக்குமோ தெரியாது.

கிரிப்பில் பெயர் இருப்பதே ஒரு கறை என்ற எண்ணம் நம்மவரிடையே மிகப் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கும். இருந்தால்தான் அவர் ஒழுங்கானவர் என்று வங்கிக்குத் தெரியும். பணியகம் கறுப்புப் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை, கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதை அந்தந்த வங்கியே தீர்மானிக்கிறது. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், “கிரிப் கிளியர் பண்ணித் தாறம்” என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பி ஏமாறுவோர் இருக்கிறார்கள் என்பதே. சரியாகப் பதிவான பிந்திய தவணையை எவராலும் அழித்துத் தரமுடியாது.

அப்படியானால் மதிப்பெண்ணை உயர்த்த என்னதான் செய்யலாம்? என் மதிப்பெண் இரண்டாம் அறிக்கைக்கும் ஐந்தாம் அறிக்கைக்கும் இடையில் படிப்படியாக ஏறியது, அதற்கு நான் செய்தது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலைதான். கடனட்டையில் எல்லை வரை செலவழிப்பதை நிறுத்தினேன். ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் தவணை பிந்தியதாகப் பதியாது என்பது உண்மைதான். ஆனால் வட்டி ஏறி மீதி குறையாமலே கிடக்கும் என்பதால் முழுத் தொகையையும் கட்டினேன். வட்டி குறைவாகக் கிடைக்குமா என்று ஒரே மாதத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பிப்பதைக் கைவிட்டேன், ஏனெனில் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகிறது. நம் அறிக்கையை நாமே எடுப்பதற்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

தவணை மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணைகளும் ஏறின. என் அலுவலகத்தில் பணிபுரியும் அக்கா ஒருவரின் கட்டளை பழைய தொகைக்கே இருந்தது. மாதாமாதம் கட்டுகிறோம் என்று அவர் நிம்மதியாக இருக்க, புதிய தவணைக்குப் போதாமல் விடுபட்ட தொகை ஒவ்வொரு மாதமும் நிலுவையாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அவரும் அதை அறிக்கையைப் பார்த்தே அறிந்தார்.

அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபாருங்கள். 2016 முதல் 12 இலக்க அட்டைகள் வழங்கப்படுகின்றன. பழைய கடன்களை ஒன்பது இலக்கமும் ‘வி’ எழுத்தும் கொண்ட அட்டையில் எடுத்து, புதியவற்றைப் புதிய அட்டையில் எடுத்தவர்கள், இரண்டும் ஒரே அறிக்கையில் வந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதும், தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறுவதும் நமக்கே உரிய தொல்லை.

கட்டணத்துக்குப் பெறுமதியான சேவை என்று தயக்கமின்றிச் சொல்வேன், குறிப்பாக யாருக்காவது பிணை நின்றிருப்பவர்களுக்கு. ஆண்டுக்கு இரு முறையும், பெரிய கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு மூன்று நான்கு மாதங்கள் முன்பும் எடுப்பது போதுமானது. பிழை இருந்தால் திருத்த அந்த அவகாசம் வேண்டியிருக்கும். எனக்கு வீட்டுக் கடன் 2024 வைகாசியில் கிடைத்தது. பெரியம்மாவின் மகன் இப்போது இரண்டாவது ஓட்டோவுக்கு லீசிங் எடுக்கப் போகிறான். இம்முறை நிறுவனத்துக்குப் போகுமுன் தன் அறிக்கையை அவனே எடுத்து, என் வீட்டு மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியையும் பென்சிலால் குறித்துப் பார்த்தான்.