‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ இசைத்தட்டு: பாட்டு ஒரு பக்கம், புகழ் மறுபக்கம்

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற பெயரை முதன்முதலில் கேட்கும் நம்மவர்க்குப் பாதாம்பாலும் பால்கோவாவும் விற்கும் கடைதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜெஃப் மாங்கம் தம் பாடல்களுக்கு இட்டுக்கொண்ட குழுப்பெயர். 1998 பிப்ரவரியில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட இக்குழுவின் இரண்டாவது தொகுப்பான ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’, இன்றும் மறுபதிப்பாக விற்பனையில் இருக்கிறது. பல ஆண்டுகள் கணினியில் மட்டும் கேட்டுவந்த அதை அண்மையில் ஊசி வைத்துக் கேட்கும் வினைல் இசைத்தட்டாக வாங்கினேன். அட்டையின் ஒரு முனை மடங்கிய நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும், அனுப்பிய கடைக்காரர் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று எனக்கே அறிவுரை சொன்னார் என்பதையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன (இண்டி) இசைக்குழுக்களின் ரசிகர்கள் கூடும் இடத்தில் இந்தத் தட்டின் பெயரை எடுத்தால் போதும், சண்டை தானாகவே தொடங்கிவிடும். மாங்கத்துக்குப் பாடவே வராது என்பார் ஒருவர். அந்தக் காலத்தில் எத்தனை பேர் இதை வாங்கினார்கள் என்று கேட்பார் மற்றொருவர். பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் 10க்கு 10 கொடுத்திருக்கிறது, அதற்கு மேல் என்ன பேச்சு என்பார் மூன்றாமவர். திறமை, விற்பனை, விமர்சகர் மதிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு கேள்விகள் என்பதை மறந்து, ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றால் பதில் சொல்வதால்தான் இந்தச் சண்டை கால் நூற்றாண்டாக முடியவில்லை. இந்தத் தட்டை நான் மதிப்பிடும்போது இயன்றவரை அவற்றைப் பிரித்தே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் காதுக்கு எட்டுவது. முதல் பாடல் ஒற்றைக் கிட்டாருடன் அமைதியாகத்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த பாடலின் பின்பாதியில் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து இரையும்போது ஒலி பிய்ந்து போவதுபோல் இருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த இடம் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த மனைவியின் தம்பி, “அத்தான், ஊசியில தூசி ஏறிடுச்சு போல, துடைச்சுப் போடுங்க” என்றார். தூசி இல்லை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் 1997 கோடையில் இத்தொகுப்பைப் பதிவுசெய்த ராபர்ட் ஷ்னைடர், கிட்டாரின் ஒலியைக் கருவி தாங்கும் அளவுக்கு மேல் வேண்டுமென்றே ஏற்றிவிட்டு, அப்போது எழும் கரகரப்பை ஒரு வாத்தியம்போலவே பயன்படுத்தியிருக்கிறார். ‘ஹாலந்து, 1945’ என்ற பாடலில் அந்தக் கரகரப்புக்கு மேல் குழுவைச் சேர்ந்த ஸ்காட் ஸ்பிலேனின் பித்தளை ஊதுகருவிகள் திருவிழா பாண்டு வாத்தியம்போல் ஏறிவரும் இடத்தை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால், இது குறையா அழகா என்ற கேள்வியே எழாது.

மாங்கத்தின் குரலைப் பற்றிய வாதத்தில் எனக்கு இரண்டு பக்கமும் உடன்பாடு உண்டு. உச்சத்தை எட்டும்போது அவர் சுருதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கத்துகிறார். மென்மையாகப் பாட வேண்டிய இடத்திலும் மூக்கால் இழுக்கிறார். அதே சமயம், 8 நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘ஓ கம்லி’யை ஒரே மூச்சில், ஒற்றைக் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பாடி முடித்திருக்கிறார், பதிவறையில் இருந்த ஒருவர் வியப்பு தாளாமல் கூவுவதுகூட இறுதியில் கேட்கிறது. அந்தக் கூவலை வெட்டாமல் விட்டதைச் சிலர் விளம்பரத் தந்திரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் அந்த இடத்தில் கேட்பவருக்கும் ஏறக்குறைய அதே ஒலிதான் தொண்டையில் நிற்கிறது.

பாடல் வரிகள் நாஜிகளின் முகாமில் 1945இல் இறந்த ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நினைவைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றில் பாதி எனக்கு இன்றும் புரியவில்லை; புரிந்ததாகச் சொல்லும் ரசிகர்களின் விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஆனால் இசையமைப்பில் புதிர் எதுவும் இல்லை. மரம் அறுக்கும் ரம்பத்தைத் தொடைகளுக்கு இடையே பிடித்து வளைத்து, அதன் முதுகில் வில்லை இழைத்து ஜூலியன் கோஸ்டர் எழுப்பும் நடுங்கும் ஒலி தலைப்புப் பாடலின் பின்னணியில் மிதக்கிறது. முதல் முறை அதைப் பெண்குரல் என்றே நினைத்தேன். ஜெரமி பார்ன்ஸின் டிரம்ஸ் எப்போதும் தாளத்துக்கு அரை அடி முன்னால் ஓடுவதுபோல் தோன்றினாலும் ஒருபோதும் தடுமாறுவதில்லை. இவர்களில் யாருக்கும் திறமை இல்லை என்று சொல்பவர், திறமை என்பதைக் குரல்வளத்தோடு நிறுத்திக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன்.

விற்பனைக் கணக்குக்கு வருவோம். மெர்ஜ் நிறுவனம் முதலில் அச்சிட்டவை ஏறக்குறைய 5,500 குறுந்தட்டுகளும் 1,600 இசைத்தட்டுகளும்தான். அந்த ஆண்டின் பெரிய விற்பனைப் பட்டியல்கள் எதையும் இத்தொகுப்பு எட்டவில்லை. பயணக் கச்சேரிகள் முடிந்ததும் மாங்கம் பொதுவெளியிலிருந்து ஏறக்குறைய மறைந்தேவிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல், அமெரிக்காவில் மிகுதியாக விற்ற வினைல் இசைத்தட்டுகளில் இது ஆறாம் இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டில் பிங்க் ஃபிளாய்டின் புகழ்பெற்ற ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’ இதற்குக் கீழேதான் நின்றது. ஆகவே இதை யாரும் அறியாத பொக்கிஷம் என்று இன்னும் பெருமைப்பட்டுக்கொள்ளும் பழைய ரசிகர், உண்மையில் ஊரே படையெடுத்து வந்துபோன கோயிலின் வாசலில் நின்றுகொண்டு இரகசிய வழி காட்டுகிறார்.

விமர்சகர் மதிப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. வெளிவந்தபோது பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 8.7, ரோலிங் ஸ்டோன் இதழின் மதிப்பீடு 5க்கு 3 நட்சத்திரங்களோடு நின்றுவிட்டது. 2005இல் மறுபதிப்பு வந்தபோது அதே பிட்ச்ஃபோர்க் 10 கொடுத்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் தட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மாறியது சூழல். மாங்கம் காணாமற்போனது ஒரு கதையாயிற்று. மெர்ஜ் நிறுவனத்தின் வழியே தன் தொகுப்பை வெளியிட்ட கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு 2004இல் அந்நிறுவனத்தின் பெயரைப் பரவலாக்கியது. 2011 பிப்ரவரியில் அந்தக் குழு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை எமினெம், லேடி காகா ஆகியோரை முந்திப் பெற்றபோது, யார் இவர்கள் என்று இணையத்தில் பலர் கேட்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது: விருதுபெற்ற தொகுப்பு அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. ஒருவர் அறியாததை யாரும் அறியாதது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பாப் ரசிகர்களுக்கும் உண்டு, இண்டி ரசிகர்களுக்கும் உண்டு.

என் கணக்கில் 8.7 குறைவு, 10 மிகை. இதைச் சொல்வதற்கு என்னிடம் உள்ள சான்று மாங்கத்தின் நண்பர்கள்தான். ரஸ்டனில் அவரோடு வளர்ந்த ஷ்னைடரின் ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ, வில் கல்லன் ஹார்ட்டும் பில் டாஸும் நடத்திய ஒலிவியா ட்ரெமர் கண்ட்ரோல் ஆகிய குழுக்களும் மாங்கத்தின் குழு இருந்த எலிஃபண்ட் 6 என்ற இசைக் கூட்டமைப்பைச் சேர்ந்தவைதான். நாடாப்பதிவை அடுக்கடுக்காகக் கட்டும் கைவேலையில் ஒலிவியா ட்ரெமர் கண்ட்ரோல் நியூட்ரல் மில்க் ஹோட்டலைவிட ஒரு படி மேல் என்றே நான் சொல்வேன். மெட்டைச் சிக்கென்று முடிக்கும் திறனில் ஷ்னைடரை விஞ்ச மாங்கத்தால் முடியாது. ஆனாலும் அந்தக் குழுக்களின் தட்டுகளைத் தேடி வாங்குபவர்கள் சிலரே. மாங்கத்திடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது அந்தப் பதைபதைப்பு; கேட்பவர் தோளைப் பிடித்து உலுக்கும் ஏதோ ஒன்று. அதைத் திறமை என்பதா, மனநிலை என்பதா என்று எனக்கே தெளிவில்லை.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. பெட்டிபோல் மூடும் மலிவான சுழல்மேசையில் (டர்ன்டேபிளில்) இதைப் போடாதீர்கள். வேண்டுமென்றே வைத்த கரகரப்பும் கருவியின் குறையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படிப்பட்ட கருவிதான் இருக்கிறது என்றால் குறுந்தட்டோ தரவிறக்கமோ போதும், எதையும் இழக்க மாட்டீர்கள். இறக்குமதிச் செலவோடு எனக்கு ஆன தொகையில் இந்தியப் பதிப்புத் தட்டுகள் இரண்டு வாங்கியிருக்கலாம். தலை இருக்க வேண்டிய இடத்தில் மேளத்தோல் போன்ற வட்டம் உள்ள பெண்ணைக் காட்டும் அந்த அட்டை ஓவியத்தைப் பெரிய அளவில் பார்க்கக் கிடைத்ததால் அந்தச் செலவுக்காக நான் வருந்தவில்லை, முனை மடங்கியிருந்தாலும். வாங்குமுன் ‘ஓ கம்லி’யை எங்காவது முழுதாகக் கேட்டுவிடுங்கள். அது பிடிக்காவிட்டால் மற்ற பத்தும் பிடிக்காது. பிடித்துவிட்டால் கடைசிப் பாடல்வரை பொறுங்கள்: பாடி முடித்தபின் மாங்கம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்து போகும் ஓசை தட்டின் கடைசி நொடிகளில் கேட்கும்.